சனிக்கோளின் வானொலிப் பெண்

வானத்தில் எத்தனை நட்சத்திரங்கள் என்பதற்கு ஈப்போவில் ஒரு படிவம் இருந்தது. ஒன்பதாம் எண் படிவம். அதைப் பூர்த்தி செய்யும் வேலைக்குத்தான் பெட்ரீசியாவை எடுத்தார்கள்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று நட்சத்திரம், மற்றது தூசி. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மலிவுத் தாளில் அச்சான ஒரு படக்கதையின் கறுப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஓவியர் வைத்த புள்ளி எது, மை பிடிக்காமல் விட்டது எது, பூச்சி அரித்தது எது என்று கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எந்தக் கட்டத்தில் சேரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நட்சத்திரம் என்றால் இருக்கும். தூசி என்றால் அழித்துவிடலாம். சந்தேகம் என்று ஒரு கட்டம் வேண்டாமா என்று முதல் வாரம் கேட்டாள். சந்தேகம் இருப்பவர்களுக்குப் பத்தாம் எண் படிவம் இருக்கிறது, அது விடுப்பு விண்ணப்பம் என்றார்கள்.

நிலாத்திரை தொலைக்காட்சி அப்போது ‘சுபக்கோள்’ என்ற அறிவியல் தொடரை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. அதற்கு ஆதாரம் 1979-இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடிய ஒரு படக்கதை. அது வெளியான மாத இதழ் எப்போதோ நின்றுபோய்விட்டது. படக்கதையின் பெயர் ‘சனிக்கோளில் ஒரு தோட்டம்’. சனிக்கோளின் வளையத்தில் ரப்பர் மரம் நட்டு, எடையில்லாத வெளியில் உருண்டை உருண்டையாக மிதக்கும் பாலை வலை போட்டுப் பிடிக்கும் தோட்டத்து ஆட்களின் கதை. சனி என்ற சொல் விளம்பரதாரர்களின் வியாபாரத்துக்கு ஆகாது என்பதால் தொடருக்குப் பெயரை மாற்றினார்கள். கோளை மாற்றவில்லை. வளையமும் அப்படியே இருந்தது.

தொடரின் பெயரிலேயே மாதம் இரு முறை ஓர் இதழும் வந்தது. முன்பக்கங்களில் நடிகர்களின் சமையல் குறிப்பு, ராசிபலன். கடைசி எட்டுப் பக்கங்களில் பழைய படக்கதையின் மறுபதிப்பு. வாடகை குறைவு என்று இதழின் அலுவலகத்தை ஈப்போவில் ஒரு துணிக்கடையின் மாடியில் வைத்திருந்தார்கள். ஆசிரியர் ஒருவர், அவரும் கோலாலம்பூரில் இருந்தார். பழைய பக்கங்களை வெட்டி நகலெடுக்க மங்களம். சுத்தம் செய்ய பெட்ரீசியா. இவர்கள் செய்வதைச் சரிபார்க்கத் தொடர்ச்சித் துறையில் பதினோரு பேர்.

தொலைக்காட்சியில் வருவதும் இதழில் வருவதும் ஒன்றோடொன்று முரண்படாமல் காப்பது தொடர்ச்சித் துறையின் கடமை. திங்கட்கிழமைக் காலைகளில் எல்லாரும் வரிசையாக நின்று முந்திய வாரத்துக் கதையின் கடைசிக் காட்சியைப் பார்ப்பார்கள். திரையில் ‘தொடரும்’ என்று எழுத்து வந்ததும் அதைச் சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். பெட்ரீசியாவுக்குக் கோயிலில் ‘ஆமென்’ சொல்லிப் பழகிய வாய். அதனால் அது சிரமமாக இல்லை. சொல்லி முடித்த பிறகு யார் முதலில் உட்காருகிறார்கள் என்று பதினோரு பேரும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சிரமமாக இருந்தது.

துறைத் தலைவர் ரோய்ஸ்டன். நாற்பது வயதுகூட ஆகாதவர். மென்மையாகப் பேசுவார். ஒருவருடைய பெயரைச் சொல்வதற்கு முன் அது சரிதானா என்று தாளில் பார்த்துக்கொள்வார்.

“நாம் படம் போடுகிறவர்கள் அல்லர், காவலர்கள்,” என்று அவர் முதல் திங்கட்கிழமை பேசினார். “மக்களுக்கு இரண்டு உண்மைகளைக் கொடுத்தால் ஒன்றை வீட்டில் ஒளித்து வைத்துக்கொள்வார்கள். அது அவர்களுக்கே நல்லதல்ல. பழையது சரியா, புதியது சரியா என்று அவர்களைத் தூங்கவிடாமல் செய்யும். அந்தப் பாரத்தை அவர்கள் தலையிலிருந்து இறக்குவதற்குத்தான் இந்தத் துறை. நமக்கு விதி ஒன்றுதான். எது கடைசியாக வெளியானதோ அதுவே உண்மை.”

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். பெட்ரீசியாவும் எழுதிக்கொண்டாள்.

ஐம்பத்தைந்து வயதில் அவள் இந்த வேலைக்கு வந்ததற்கு உண்மையான காரணம் ஒரு முகம். திருமண அட்டை அச்சிடும் கடையில் முப்பது ஆண்டு வேலை செய்து, அந்தக் கடை மூடப்பட்டு, குனோங் ராபாட் வீட்டில் தனியாகச் சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மறுபதிப்புச் செய்தி வந்தது. படக்கதையில் விண்கப்பலின் வானொலியை இயக்கும் பெண்ணாக வருவது அவளுடைய அக்கா புனிதா. ஓவியர் பிச்சைமுத்து, பத்து காஜா ஊர்ப் பக்கம் இருந்த ஒரு தோட்டத்தின் கிராணி. ஆபீஸில் கணக்கெழுதிய நேரம் போக, கண்ணில் பட்ட தோட்டத்து முகங்களையெல்லாம் சனிக்கோளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். புனிதா 1981-இல், பத்தொன்பது வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளைப் பிடித்த புகைப்படம் ஒன்றே ஒன்று, கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு நடந்த அன்று ஸ்டூடியோவில் எடுத்தது. அம்மா அதைச் சவப்பெட்டிக்குள் அவள் கையிலேயே வைத்துவிட்டாள். அது அவளுடைய படம், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். அப்போது யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. பதினோரு வயதுப் பெட்ரீசியாவுக்கும் தெரியவில்லை.

மிஞ்சியது படக்கதை. இருபத்துநான்கு இதழ்களையும் நூல் போட்டுக் கட்டி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள்.

அதைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். பழைய இதழ் வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பினால் சுபக்கோள் படம் போட்ட குடை தரப்படும் என்று நிலாத்திரை அறிவித்திருந்தது. ஹுத்தான் மெலிந்தாங் என்ற மீனவர் ஊரிலிருந்துகூட, கருவாட்டு வாடையோடு, கட்டுக் கட்டாக வந்து சேர்ந்தன. பெட்ரீசியா வேலையில் சேர்ந்த முதல் நாளே பெருமையோடு டின்னைத் திறந்து நீட்டினாள். அதற்குக் கொடுத்த படிவத்தில் ‘இவ்விதழ்களை இதுவரை வைத்திருந்த காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘படத்தில் இருப்பது என் அக்கா புனிதா’ என்று எழுதினாள். குடையை வாங்கிக்கொண்டாள். நகலெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் மங்களத்திடம் கேட்டாள்.

“ஒங்க கட்டு எப்பக் கெடைக்கும்னு கேக்குறீங்களா?” மங்களம் பின்னறையில் இருந்த தாள் அறுக்கும் இயந்திரத்தைக் காட்டினாள். “வெட்டி, ஸ்கேன் பண்ணி, அதுக்குள்ளாறப் போட்டாச்சுலா. சாக்குல கட்டி வச்சிருக்கேன். வேணும்னா ஒரு பிடி எடுத்துக்கிட்டுப் போங்க, பூச்சட்டிக்கு நல்லது.”

பெட்ரீசியாவின் முகத்தைப் பார்த்ததும் மங்களம் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ரோய்ஸ்டன் பொறுமையாக விளக்கினார். “மூலப்பிரதி என்பது என்ன? பிழையின் முதல் பதிப்பு. பிழையைத் திருத்திய பிறகு அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பது நேர்மையாகுமா?”

ஆனாலும் அந்த முதல் மாதங்களில் அவள் மகிழ்ச்சியாகவே இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இதழிலும் புனிதாவின் முகத்தை ஒரு முழத்துக்குப் பெரிதாக்கி, கன்னத்தில் படிந்த கறையைப் புள்ளி புள்ளியாக எடுப்பாள். நாற்பத்துநான்கு ஆண்டுகளில் அக்காவுக்கு இவ்வளவு அருகில் அவள் இருந்ததில்லை. உயிரோடு இருந்தபோதுகூட இருந்ததில்லை. சில சமயம் ஒரு பயம் வரும். எனக்கு நினைவிருப்பது அக்காவின் முகமா, பிச்சைமுத்துவின் கோடுகளா? கேள்வியை முடிக்காமல் அடுத்த புள்ளிக்குப் போய்விடுவாள்.

துறை மெல்ல மெல்லத் தன் வேலையை ஆரம்பித்தது. மூன்றாம் இதழில் கப்பல் தலைவர் கோப்பி குடித்தார். தொடரின் விளம்பரதாரர் மால்ட் பானம் விற்பவர். கோப்பையின் கறுப்பை நாற்பது விழுக்காடு குறைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ஐந்தாம் இதழில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி இறந்துபோகிறான். தொலைக்காட்சியில் அந்த நடிகருக்கு ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. எனவே சவ ஊர்வலம் பிறந்தநாள் விழா ஆனது. அழுதுகொண்டிருந்த முப்பத்தொரு வாய்களின் ஓரத்தையும் மேல்நோக்கி வளைத்தது பெட்ரீசியாதான். கண்ணீர்த் துளிகளைத் தூசிக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“நல்லாருக்கா?” என்று மங்களத்திடம் காட்டினாள்.

“சவப்பெட்டிய என்னா செஞ்சீங்க?”

“கேக் வைக்கிற மேசை.”

“பாட்டு பாடுறாங்களா?”

“வாய் தொறந்திருக்கு. பாடுறாங்கன்னு வச்சுக்கலாம்.”

அன்று இருவரும் சிரித்தார்கள். அதுதான் கடைசிச் சிரிப்பு.

ஒன்பதாம் இதழில் சோப்பு விளம்பரம் அரை அங்குலம் பெரிதாக வந்துவிட்டது. இடம் போதாமல் பணியாளர் பட்டியலின் கடைசி வரியை எடுத்துவிட்டார்கள். கடைசி வரியில் இருந்தது மங்களத்தின் பெயர். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் இதழ் வெளியான மறுநாள் காலை வாசலில் காவலர் அவளை நிறுத்தினார்.

“கடைசி இதழ்ல ஒங்க பேரு இல்லீங்களேக்கா.”

“எடம் இல்லன்னு எடுத்துட்டாங்க தம்பி. நேத்து இங்கதானே வேலை செஞ்சேன்? நீதானே கதவத் தொறந்தே?”

“நேத்து வேற. கடைசியா வந்ததப் பாத்துதான் உள்ள விடணும்னு எழுதிக் குடுத்துருக்காங்க.”

ரோய்ஸ்டன் வந்து பார்த்தார். வருத்தப்பட்டார். அடுத்த இதழில் பெயரைச் சேர்க்கலாமே என்று பெட்ரீசியா கேட்டதற்கு, சேர்க்கலாம், ஆனால் வேலையில் இல்லாத ஒருவருடைய பெயரை எப்படிச் சேர்ப்பது என்றார். மங்களம் மூன்று நாள் சோற்றுப் பாத்திரத்தோடு துணிக்கடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவளைப் பற்றிப் பேச்செடுத்தபோது பதினோரு பேரில் ஒருவர் புருவத்தை உயர்த்தி, “யாரு?” என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

அந்த வாரத்தில்தான் தம்பி-7 பற்றிய ஆணை வந்தது.

தொலைக்காட்சித் தொடரில் வானொலியை இயக்குவது பெண் அல்ல. தலையில் கம்பி முளைத்த ஒரு ரோபோ. பெயர் தம்பி-7. தீபாவளிக்குப் பொம்மையாகவும் விற்பனைக்கு வர இருந்தது. பெண்ணை ஏன் இவ்வளவு நாள் விட்டுவைத்தோம் என்று துறை தன்னைத்தானே கண்டித்துக்கொண்டு, பத்தாம் இதழிலிருந்து கடைசி இதழ் வரை அவள் வரும் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களிலும் தம்பி-7-ஐ வைக்கும்படி எழுதியது. முன்பே வெளிவந்த ஒன்பது இதழ்களையும் வாசகர்கள் திருப்பித் தந்து திருத்திய பதிப்பை வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் குடை உண்டு.

“பொண்ணா இருந்தா என்னங்க கெட்டுப்போச்சு?” என்று பெட்ரீசியா கேட்டுவிட்டாள். துறையிடம் அவள் கேட்ட மூன்றாவது கேள்வி அது.

“எந்தப் பொண்ணுக்கா?” என்றார் ரோய்ஸ்டன் மென்மையாக.

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். மறுக்கலாம், வேலையை விடலாம். அப்போது இன்னொருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்து அரை நாளில் முடித்துவிடுவாள். தான் செய்தால் ஒவ்வொரு முகத்தையும் மூடுவதற்கு முன் ஒரு தடவையாவது பார்க்கலாம். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பார்த்துப் பார்த்து மூடினாள். நகலெடுத்து வைத்துக்கொள்ள வழியில்லை. கைப்பேசியை வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கணினியில் எதையும் சொருக முடியாது. இதழ் வெளியாகும் அன்று அதன் மூலக்கோப்பும் தானாக அழிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய கஞ்சில் காரை ஓட்டிக்கொண்டு பத்து காஜாவுக்குப் போனாள். பிச்சைமுத்துவுக்கு எண்பத்துநான்கு வயது. மகள் வீட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். சுவரோரம் நான்கு குடைகள் சாத்தியிருந்தன.

“கிராணி ஐயா, தெரியுதுங்களா? தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்குன தண்டல் ஸ்டானிஸ்லாஸ் மகள். சின்னவ.”

“புனிதா தங்கச்சி,” என்றார் உடனே. அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. பெட்ரீசியா நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஐயா, அக்காவ வேற எதுலயாச்சும் வரைஞ்சி வச்சிருக்கீங்களா? ஒரு துண்டுக் காகிதம் போதும்.”

“எல்லாத்தையும் லாரில வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கம்மா. நல்ல பிள்ளைங்க. காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஏத்துனாங்க.” தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ‘1979-இல் நான் வரைந்த படங்கள் 2024-இல் ஒளிபரப்பான சுபக்கோள் தொடரைத் தழுவியவை என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே அவருடைய கையெழுத்து, ஆபீஸ் கையெழுத்து, நடுங்கினாலும் அழகாக இருந்தது.

“இது எப்டிங்கய்யா? நீங்க வரையறப்ப இவுங்கள்ளாம் பொறக்கவே இல்லயே.”

“நானும் கேட்டேன்லா. லாரில வந்த தம்பி சொல்லுச்சு, ‘ஐயா, யாரு முந்திப் பொறந்தாங்கங்கறது பிரச்சனை இல்ல, யாரு கடைசியாக் கையெழுத்துப் போடுறாங்கங்கறதுதான்’னு. எனக்குப் புரியல. மகள், ‘போட்டுக் குடுங்கப்பா, நமக்கு எதுக்கு சுசா, வீண் தொல்லை’ன்னா. போட்டுட்டேன்.”

அவள் பையிலிருந்து புதிய இதழை எடுத்துப் பக்கத்தைக் காட்டினாள். வானொலி முன்னால் தம்பி-7. “இத யாருங்கய்யா வரைஞ்சது?”

வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நான்தான்.”

“ஐயா…”

“நான்தாம்மா. எம்பேரு போட்டுருக்கே.”

அவள் பேனாவையும் தாளையும் அவர் மடியில் வைத்தாள். அவருக்குப் புரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம் போட்டார். முகம். அதற்குமேல் தலைமுடிக்குப் போன கை வழுக்கியது. நேராக ஒரு கம்பியை இழுத்து, முனையில் ஒரு சின்ன உருண்டையையும் வைத்தது. கிழவர் தன் கையையே யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“கை அங்கதாம்மா போவுது,” என்றார் மெதுவாக. “போயிட்டு வா. இங்க வந்தேன்னு யாருட்டயும் சொல்லாத.”

திரும்பும் வழியில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது பெட்ரீசியா கண்ணை மூடி அக்காவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். நெற்றி வந்தது. அதற்கு மேலே கம்பி வந்தது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடிக்கும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மாதங்கள் ஓடி, இனி மிச்சம் இருந்தது ஒரே படம். இருபத்துநான்காம் இதழின் கடைசிப் பக்கம், கடைசிக் கட்டம். வானொலிப் பெண் வாசகரை நேராகப் பார்த்து, ‘யாராவது கேட்கிறீர்களா?’ என்பாள். அதோடு படக்கதை முடியும். அதற்கான மூலக்கோப்பு இன்னும் கணினியில் இருந்தது.

மங்களத்தை நினைத்துக்கொண்டபோதுதான் பெட்ரீசியாவுக்கு அந்த எண்ணம் வந்தது. கடைசியாக வெளியானதில் இல்லாததால் இருந்தவள் இல்லாமல் போனாள் என்றால், கடைசியாக வெளியானதில் இருந்துவிட்டால்?

துறையின் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துப் படித்தாள். ஒன்று முதல் இருநூற்றுப் பன்னிரண்டு வரை ஒரே கேள்வி: ‘தம்பி-7 இருக்கிறதா?’ வேறு யாராவது இருக்கிறார்களா என்று எங்கேயும் கேட்கவில்லை. கடைசிக் கட்டத்தின் மூலையில், வரைந்திருந்த ஒரு பால்வாளிக்குப் பக்கத்தில், தம்பி-7-ஐ நிறுத்தினாள். நடுவில் அக்காவைத் தொடாமல் விட்டாள். அவள் கன்னத்திலிருந்த கறையைக்கூட எடுக்கவில்லை. பதினோரு பேரும் வாங்கிப் பார்த்தார்கள். இருக்கிறது, இருக்கிறது என்று பதினோரு முறை குறி விழுந்தது. நாற்பதாயிரம் படிகள் அச்சாகி வெளியே போயின.

மறுநாள் தொலைபேசிகள் ஓயவில்லை. யார் அந்தப் பெண் என்று பகாவ் முதல் சுங்கை பட்டாணி வரை கேட்டார்கள். பெட்ரீசியா தன் பையைக் கட்டித் தயாராக வைத்துக்கொண்டு, துரத்தப்படுவதற்காகக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பிற்பகல் அவசரக் கூட்டம் கூடியது. ரோய்ஸ்டனின் குரல் எப்போதும்போல மென்மையாக இருந்தது. 

“இந்தத் துறை இதுவரை தவறு செய்ததில்லை. தவறு செய்யாத துறையில் நடந்திருப்பதால் இது தவறு அல்ல. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆகவே சுபக்கோளில் ஒரு வானொலிப் பெண் இருக்கிறாள். எப்போதும் இருந்தாள். இல்லை என்று இதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால், சொன்னது யார் என்று கண்டுபிடிக்கப்படும். தொடரும்.”

“தொடரும்,” என்றார்கள் எல்லாரும். யாரும் உட்காரவில்லை.

நான்கு நாள் கழித்து குனோங் ராபாட் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. உறையின்மேல் ‘திருமதி/செல்வி புனிதா’ என்று எழுதியிருந்தது. பெட்ரீசியா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சற்று நேரம் வாசலிலேயே நின்றாள். அந்தப் பெயருக்கு அந்த வீட்டில் வந்த முதல் கடிதம் அது. உள்ளே இரண்டே வரி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தொடரின் இறுதிப் பகுதிக்கான படப்பிடிப்புக்கு நேரில் வர வேண்டும்.

கடிதத்தோடு ரோய்ஸ்டன் அறைக்குப் போனாள்.

“வரச் சொல்லியிருக்கீங்க. அவ எறந்து நாப்பத்துநாலு வருஷமாச்சுங்க.”

ரோய்ஸ்டன் கோப்பைத் திறந்தார். அவள் முதல் நாள் டின்னோடு கொடுத்த படிவம் மேலே இருந்தது. “‘படத்தில் இருப்பது என் அக்கா புனிதா.’ ஒங்க கையெழுத்துதானேக்கா?”

“ஆமா. ஆனா எறந்துட்டா.”

“எந்த இதழ்ல?”

“என்னாது?”

“எந்த இதழ்ல எறந்தாங்க? நான் இருபத்துநாலையும் பாத்துட்டேன். அவங்க எறந்ததா எதுலயும் வெளியாகல. கடைசிப் படத்துல பேசிக்கிட்டு இருக்காங்க.”

“பத்து காஜாவுல கல்லறை இருக்குங்க.”

“அது வெளியீடு இல்லியேக்கா.” அவர் கோப்பை மூடினார். கண்ணில் கோபம் இல்லை. உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “சுசா வேணாம். அவங்க வந்துட்டா எல்லாம் சரியாயிடும். வரலன்னா திருத்தப் பதிப்பு போடணும். நாப்பதாயிரத்தையும் திருப்பி வாங்கணும். குடை ஆர்டர் பண்ணியாச்சு. இந்தத் தடவ பெரிய குடை. எல்லாரும் குடுத்துருவாங்க.”

கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். அவளே கொடுத்தவள்தான்.

“அவளுக்கு இப்ப அறுபத்துமூணு வயசு இருக்கும்,” என்றாள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

“விண்வெளியில வயசாகுமா ஆகாதான்னு அறிவியல் ஆலோசகர் பாத்துக்குவாரு,” என்றார் ரோய்ஸ்டன். “ஒங்க சாயல்தானே இருப்பாங்க?”

பதிலுக்குக் காத்திராமல் அவர் கோப்பில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்கு முந்திய மூன்று நாளும் பெட்ரீசியா கண்ணாடியைப் பார்த்தாள். சிறுவயதில் யாரும் அவளை அக்கா சாயல் என்று சொன்னதில்லை. அக்காவைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அவளைப் பார்த்து, “இது அதோட தங்கச்சியா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மறுபடி அக்காவைப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிச்சைமுத்து ஆபீஸ் வாசலில் அக்காவை உட்கார வைத்து வரைந்தபோது, மைப்புட்டியைத் தட்டிவிட்டு ஓடியிருக்கிறாள். அக்கா செத்த அன்று அந்த எரிச்சலுக்காகத்தான் அதிகமாக அழுதாள். யாரிடமும் சொல்லாத விஷயம் அது. இப்போது வகிடை இடப்பக்கம் எடுத்து, முடியை இறுக்கிப் பின்னால் கட்டி, முகவாயைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியில் கம்பி வரவில்லை. ஓர் அறுபது வயதுப் பெண் நேராகப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறவள்போல இருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு நிலாத்திரையின் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிக் கதவைத் திறந்து, “புனிதாக்காவா?” என்றார். பெட்ரீசியா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

படப்பிடிப்புக் கூடத்தின் வாசலில் ஒரு மேசை. பின்னால் கிளாரிசா என்று பெயர் அட்டை குத்திய ஒரு பெண், முன்னால் படிவம். ரோய்ஸ்டன் சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

“பேருங்கக்கா?”

“புனிதா ஸ்டானிஸ்லாஸ்.”

 நாற்பத்துநான்கு ஆண்டுகளாக எந்த மேசையிலும் கேட்கப்படாத பெயர். அந்தப் பெண் சாதாரணமாக எழுதிக்கொண்டாள். எழுதிய பெயருக்கு நேரே குறி போட்டாள். எவ்வளவு சுலபமாக இருந்தது.

“வேலை?”

“வானொலி.”

“பொறந்த ஊரு?”

பெட்ரீசியா தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். கிளாரிசா இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, “சுபக்கோள்னு போட்டுக்கிறேன்,” என்றாள். பேனா அடுத்த வரிக்குப் போனது.

“கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?”

கூடத்துக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போடும் சத்தம் கேட்டது. பெட்ரீசியா அந்த இருபத்துநான்கு இதழ்களையும் மனத்துக்குள் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு புள்ளியையும் அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஒரு தங்கச்சி என்று சொன்னால் எந்த இதழில் என்று கேட்பார்கள். தேடுவார்கள். கிடைக்காது. கிடைக்காத ஒன்றைச் சொன்னவளின் மற்ற பதில்களையும் பேனா அடிக்கத் தொடங்கும். முதல் வரியில் இருக்கும் பெயர்வரைக்கும் போகும்.

சுவரோரம் நின்ற ரோய்ஸ்டன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா,” என்றாள். “நான் ஒருத்திதான்.”

கிளாரிசா அதையும் எழுதி, பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டாள்.